4,800 ரூபா நுளம்பு வலையும் பேரன் கேட்ட கேள்வியும்

ஐப்பசி மழை தொடங்குவதற்கு ஒரு கிழமைக்கு முன், கிளிநொச்சிச் சந்தைக்குக் கிட்ட ஒரு கடையில் இந்த வலையை வாங்கினேன். கூடாரம் மாதிரி விரிகிற வகை. வட்டமான பையின் சிப்பைத் திறந்து கையை எடுத்தால் போதும், தானாகவே எழும்பி நின்றுவிடும் என்றார் கடைக்காரர். எழும்பியது உண்மைதான். எழும்பின வேகத்தில் அவருடைய கல்குலேற்றரையும் பாதி குடித்த தேத்தண்ணியையும் தட்டிக் கீழே போட்டது. "ஐயா, வீட்டை கொண்டுபோய் முத்தத்தில விரியுங்கோ" என்றார். அதைத் திரும்பப் பைக்குள் போட அவரும் கடைப் பெடியனும் பட்ட பாட்டைப் பார்த்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

இரட்டைக் கட்டிலுக்கு உரியது. ஆறடிக்கு ஆறரை அடி, நீல நிறம், இரண்டு பக்கமும் வாசல், வாசலுக்குச் சிப், அடியிலும் துணி. ஒட்டியிருந்த விலை 5,200. பேசி 4,800க்குத் தந்தார். நாலு மாதம் பாவித்துவிட்டு இப்போது எழுதுகிறேன். வாங்கின அன்றைக்கே ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்களை நம்பி ஒருமுறை தண்ணீர் மோட்டர் வாங்கிப் பட்டவன் நான்.

வலையைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். முப்பது வருடத்துக்கு மேல் மலேரியா தடுப்பு இயக்கத்தில் வேலை செய்தவன். முதலில் பருவகாலக் கூலியாகத் தோளில் பம்பைத் தொங்கவிட்டு வீடு வீடாக மருந்தடித்தேன். பிறகு விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசுகிற வேலை. அக்கராயன், முழங்காவில், துணுக்காய், விசுவமடு என்று என் சைக்கிள் போகாத ஒழுங்கை குறைவு. ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் எங்கள் பக்கத்தில் என் பெயர் 'மலேரியா ஐயா'தான். அதனால் நுளம்பு வலை என்றால் மற்றவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், நான் கண்ணை எண்ணுவேன்.

எண்ணினேன். கடதாசியில் ஓரங்குலச் சதுரம் வெட்டி வலைமேல் வைத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குறுக்கே 15, நெடுக்கே 14. ஆக 210 கண். சதுர அங்குலத்துக்கு 156 இருந்தாலே நுளம்பு புகாது என்பது நாங்கள் படித்த கணக்கு. இந்த வலை அந்தச் சோதனையில் நன்றாகவே தேறிவிட்டது. ஆனால் கண் சிறுத்தால் காற்றும் சிறுக்கும். மார்கழியில் தெரியவில்லை, மாசி முடிகிற இந்த வெக்கையில் உள்ளே படுத்தால் பானைக்குள் வைத்த பிட்டு மாதிரி இருக்கிறது. மின்விசிறியை வலைக்கு வெளியே வைத்தால் பாதிக் காற்றுத்தான் உள்ளே வரும்.

கடைக்காரர் இரண்டு பொய் சொன்னார். தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, அதை விடுவோம். முதலாவது, "மருந்தும் போட்டிருக்கு ஐயா." பெட்டியில் அப்படி ஓர் எழுத்தும் இல்லை. இது சாதாரண வலை. 2000ஆம் ஆண்டுகளில் நாங்கள் இலவசமாகக் கொடுத்தது மருந்து ஊறின வலை. இருபது தரம் கழுவினாலும் மருந்து நிற்கும், மூன்று வருடம் பாவிக்கலாம். அதில் நுளம்பு வந்து குந்தினால் செத்து விழும். இதில் குந்தினால் குந்தியபடியே இருந்து, நித்திரையில் உங்கள் முழங்கை வலையில் முட்டும்வரை பார்த்துக்கொண்டிருக்கும். (அந்த மருந்து வலைகளில் ஒரு பங்கு மிளகாய் நாற்றுமேடைக்கும் கோழிக்குஞ்சுக்கும் போனது வேறு கதை. ஒரு வீட்டில் அதைக் கொண்டு குளத்தில் மீன் வாரினார்கள். கேட்டதற்கு, "நுளம்பு எங்களைக் கடிக்கிறதில்லைத் தம்பி" என்றார் வீட்டுக்காரர்.)

இரண்டாவது, "டெங்குவுக்கும் நல்லது." டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. விடிந்த கையோடும் பொழுதுபடுவதற்கு முன்னும்தான் அதன் சாப்பாட்டு நேரம். பகலில் தூங்குகிற கைக்குழந்தைக்கோ காய்ச்சலோடு படுத்திருப்பவருக்கோ இந்த வலை உதவும். மற்றவர்கள் வலையை நம்பாமல் வளவில் கிடக்கிற சிரட்டை, ரயர், தயிர்ச் சட்டியைக் கவிழ்த்து வைக்க வேண்டும்.

இனிப் பெரிய குறை. இரண்டு பக்கச் சிப்பும் வந்து சந்திக்கிற மூலையில் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி இருக்கிறது. தையல் அப்படி. இதை இரண்டாம் இரவுதான் கண்டுபிடித்தேன். ரோச்சை அடித்துப் பார்த்தால், வலையின் வெளிப்பக்கத்தில் ஏழெட்டு நுளம்பு. சும்மா இருக்கவில்லை. கொஞ்சம் நடக்கும், நிற்கும், மறுபடி பறந்து வேறோர் இடத்தில் இருக்கும். எங்கள் மூச்சு வருகிற பக்கத்தைத்தான் சுற்றிச் சுற்றி வந்தன. அரைமணித்தியாலத்துக்குள் ஒன்று அந்த மூலைக்கு வந்து, காலால் தடவிப் பார்த்து, உள்ளே வந்துவிட்டது. 210 கண்ணும் சரியாக இருந்து என்ன பயன்? அன்றிலிருந்து அந்த மூலைக்கு உடுப்புக் கொடியில் போடுகிற கிளிப் ஒன்று.

அந்த இரவில்தான் கேள்வியும் வந்தது. மழைக்கு மின்சாரம் போய்விட்டது. பேரன், மகளின் மகன், எட்டாம் ஆண்டு படிக்கிறான், எனக்குப் பக்கத்தில் படுத்திருந்தான். பள்ளிக்கூடத்தில் யாரோ என்னமோ சொல்லியிருக்க வேண்டும்.

"அம்மப்பா, கொரோனாவை விடப் பெரிய வருத்தம் ஒண்டு வந்தால், உலகத்தில மனுசர் எல்லாருமே செத்துப் போவினமோ?"

"படடா" என்றேன். பிறகு எனக்கே நித்திரை வரவில்லை.

எங்கள் பக்கத்துக் கிழவிகள் கோபம் வந்தால் "கோதாரியிலே போவான்" என்பார்கள். கோதாரி என்றால் வாந்திபேதி. "கொள்ளையிலே போவான்" என்பதும் அந்தக் குடும்பம்தான். முன்னொரு காலத்தில் ஊரையே அள்ளிக்கொண்டு போன வருத்தங்கள் இப்போது வாயில் திட்டாக மட்டும் மிஞ்சியிருக்கின்றன. என் பேரன் "கோதாரி" என்று கிரிக்கெட் மட்டையைத் திட்டுகிறான். அது ஒரு வருத்தத்தின் பெயர் என்று நான் சொல்லும்வரை அவனுக்குத் தெரியாது. இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த சனம் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டோரமாக மாத்தளைக்கு நடந்த பாதை முழுக்க அந்தக் கோதாரியாலும் காய்ச்சலாலும் செத்து விழுந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அவர்களுக்கு யாரும் கல் நட்டதில்லை.

அம்மாள் வருத்தம் என்று சொன்னால் அவனுக்குக் கொஞ்சம் தெரியும், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிறவன். மதுரையை எரித்த கோபம் ஆற கண்ணகி வந்து இருந்த இடம் அது என்பது எங்கள் கதை. பெரியம்மைக் காலத்தில் சனம் வேப்பிலையோடு அவளிடம்தான் ஓடியது. பெரியம்மை பிடித்தால் பத்துப் பேரில் மூன்று பேர் செத்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் 30 கோடிப் பேர் என்று ஒரு கணக்கு. 1977இல் சோமாலியாவில் கடைசியாக ஒருவருக்கு இயற்கையாக வந்தது; 1980இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள்.

அடுத்தடுத்த இரவுகளில் வலைக்குள் இதுதான் எங்கள் கதை. (வலையின் ஒரு நன்மை என்று இதையும் சேர்க்க வேண்டும். சிப்பைப் பூட்டினால் பெடியன் எழும்பிப் போக மாட்டான்.) ஐரோப்பாவில் 1347இலிருந்து 1351 வரை அடித்த கொள்ளை நோயில் மூன்றிலொரு பங்குச் சனம் செத்தது, பாதி என்றும் சொல்கிறார்கள். 1918இல் வந்த இன்புளுவென்சாவில் ஏறக்குறைய 5 கோடிப் பேர். அப்போது உலகத்தில் 180 கோடிப் பேர்தான். பேரன் விரலில் கணக்குப் போட்டுவிட்டு, "அப்ப நூற்றுக்கு 97 பேர் மிச்சம்" என்றான். கணக்குச் சரி. ஆனால் 'மிச்சம்' என்ற சொல்லை அவன் அவ்வளவு இலேசாகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. 2009இல் நாங்கள் எத்தனை பேர் போய் எத்தனை பேர் வந்தோம் என்பது அவனுக்குப் பாடப் புத்தகத்தில்கூட இல்லை.

அதனால் அவனுக்குச் சமோவாவின் கதையைச் சொன்னேன். பசிபிக் கடலில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிற தீவுகள். 1918 கார்த்திகையில் நியூசிலாந்திலிருந்து 'தலூன்' என்ற கப்பல் மேற்குச் சமோவாவுக்கு வந்தது. காய்ச்சல்காரர்களையும் இறங்க விட்டார்கள். அங்கே ஐந்திலொரு பங்குக்கு மேல் சனம் செத்துப்போனது. கூப்பிடு தூரத்தில் இருந்த அமெரிக்கச் சமோவாவில் ஆளுநர் கப்பல்களைத் தடுத்துவைத்தார். அந்தக் காய்ச்சலில் ஒருவர்கூடச் சாகவில்லை. மனித இனம் முழுவதையும் வைத்து எண்ணினால் மேற்குச் சமோவாவில் செத்த ஆயிரங்கள் ஒரு புள்ளியும் இல்லை. அங்கே பிணம் சுமந்தவனிடம் போய் மனித குலம் தப்பிவிட்டது என்று சொல்ல முடியுமா?

"அது சரி, ஆனா எல்லாரும் சாவினமோ?" பெடியன் விடவில்லை. படிக்கிற பிள்ளை அப்படித்தான் இருக்க வேண்டும்.

வருத்தம் தனியாக வந்து ஓர் இனத்தையே முடித்த கதை இருக்கிறது. யாவாவுக்குத் தெற்கே கிறிஸ்மஸ் தீவு என்று ஒன்று. அந்தத் தீவில் மட்டும் ஓர் எலி இனம் இருந்தது. 1899இல் கப்பலில் வந்த கறுப்பு எலியோடு ஒரு கிருமியும் இறங்கியது. நாலைந்து வருடத்தில் அந்த எலி இனமே இல்லாமல் போய்விட்டது. நூறு வருடத்துக்குப் பிறகு காட்சிச்சாலைகளில் இருந்த தோலைச் சோதித்து, அந்தக் கிருமி இருந்ததை உறுதிசெய்தார்கள். தவளைகளுக்கும் அப்படி ஒரு பூஞ்சணம் பரவி, கிட்டத்தட்ட 90 இனங்கள் அழிந்திருக்கலாம் என்று 2019இல் ஆய்வாளர்கள் சொன்னார்கள். ஆகவே நடக்கவே நடக்காது என்று நான் அவனுக்குச் சத்தியம் பண்ணவில்லை. ஆனால் அந்த எலி ஒரே ஒரு தீவில் இருந்தது. மனிதர் அண்டார்டிக்காவிலும் இருக்கிறார்கள், அமேசன் காட்டுக்குள்ளும் இருக்கிறார்கள், ஆனையிறவிலும் இருக்கிறார்கள்.

முயலின் கதை இன்னும் நல்லது. அவுஸ்திரேலியாவில் முயல் பெருகிப் பயிரை அழிக்கிறது என்று 1950இல் மிக்சோமா என்ற வைரசை வேண்டுமென்றே விட்டார்கள். ஆரம்பத்தில் தொற்றிய முயலில் நூற்றுக்கு 99 செத்தது. அதற்குமேல் கொடிய வருத்தம் எங்கே தேடுவது? ஆனாலும் முயல் முடியவில்லை. சாகாத ஒன்றிரண்டு குட்டி போட்டன. முயலை உடனே கொன்ற வைரஸ் அடுத்த முயலுக்குப் போக நேரமில்லாமல் அதோடேயே செத்தது, மெதுவாகக் கொன்றது பரவியது. இன்றைக்கும் அங்கே முயல் ஓடுகிறது.

இதைக் கேட்டவுடன் பேரன், "அப்ப கெதியாக் கொல்லுற வருத்தம் பரவாது, பரவுற வருத்தம் கொல்லாது" என்று ஒரு விதி செய்துவிட்டான். படித்தவர்கள் பலரும் இப்படித்தான் மனதை ஆற்றிக்கொள்கிறார்கள். பாதிதான் உண்மை. விசர்நாய்க்கடி வருத்தம் தொடங்கினால் அநேகமாக ஒருவரும் தப்புவதில்லை, ஆனால் பரவக் கடி வேண்டும். சின்னமுத்து (தட்டம்மை) ஒருவரிலிருந்து பத்துப் பதினைந்து பேருக்குப் போகும், ஆனால் பெரும்பாலானவர்கள் பிழைப்பார்கள். இது இரண்டும் விதிக்குச் சரி. பெரியம்மை? மூன்றிலொருவரைக் கொன்றுகொண்டே நூற்றாண்டுக் கணக்காக நடந்து திரிந்ததே. எய்ட்ஸ் வருடக் கணக்கில் பேசாமல் இருந்து பரவி, 4 கோடிக்கு மேல் ஆட்களைத் தின்றிருக்கிறது. கோழிகளில் வருகிற எச்5என்1 காய்ச்சல் மனிதருக்குத் தொற்றினதாகப் பதிவானவர்களில் பாதிக்குக் கிட்டச் செத்திருக்கிறார்கள்; மனிதரிலிருந்து மனிதருக்கு இலேசில் பரவாதது எங்கள் நல்ல காலம். அதை யாரும் விதி என்று நம்பிப் படுக்கக் கூடாது.

ஆனால் எனக்கு உண்மையிலேயே பயம் தருவது காட்டிலிருந்து வருவது இல்லை. பெரியம்மையில் கடைசியாகச் செத்தவர் சோமாலியக்காரர் அல்லர். 1978இல் இங்கிலாந்தில், பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் படம் பிடிக்கிற வேலை பார்த்த ஜனெற் பார்க்கர் என்ற பெண். அவருடைய அறைக்குக் கீழ்த்தளத்தில் இருந்தது பெரியம்மை ஆய்வுகூடம். அந்தக் கிருமி இன்றைக்கும் அமெரிக்காவில் ஓரிடத்திலும் ரஷ்யாவில் ஓரிடத்திலும் குளிரில் வைக்கப்பட்டிருக்கிறது. போதாததற்கு 2014இல் அமெரிக்காவில் ஒரு பழைய சேமிப்பறையைத் துப்புரவாக்கியபோது, எல்லாரும் மறந்துபோன பெரியம்மைக் குப்பிகள் அகப்பட்டன. நான் இரத்தத் தகடுகளை எண்ணி, இலக்கம் போட்டு, ஒன்று குறைந்தாலும் பேச்சு வாங்கின ஆள். இதை வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. 2017இல் வெளிவந்த செய்திப்படி, கனடாவில் ஆய்வாளர்கள் பெரியம்மையின் சொந்தக்காரனான குதிரையம்மை வைரசைத் தபாலில் வாங்கிய மரபணுத் துண்டுகளை ஒட்டியே உண்டாக்கிவிட்டார்கள். செலவு ஏறக்குறைய ஒரு லட்சம் டொலர். ஒரு நல்ல அறுவடை இயந்திரத்தின் விலை.

ஆக்ஸ்ஃபோர்டில் டோபி ஓர்ட் என்ற மெய்யியலாளர் 2020இல் ஒரு மதிப்பீடு சொன்னார். அடுத்த நூறு வருடத்தில் இயற்கையாக வருகிற கொள்ளை நோய் மனித குலத்துக்கே பேரழிவாக முடிய வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. மனிதன் செய்த கிருமியால் முப்பதில் ஒன்று. இது நுளம்பை எண்ணுகிற மாதிரி எண்ணிப் பார்த்த கணக்கு இல்லை, ஒருவர் யோசித்துச் சொன்ன கணக்கு. முப்பதில் ஒன்று என்பது எனக்குக் கூடுதலாகப் படுகிறது. ஆனால் எது பெரிது எது சிறிது என்று அவர் வைத்த வரிசையோடு எனக்குச் சண்டை இல்லை.

பேரனுக்கு இவ்வளவையும் நான் சொல்லவில்லை. அவனுக்குச் சொன்னது 17 என்ற எண்ணின் கதை. 1934, 35இல் இந்த நாட்டில் மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள். கேகாலை, குருநாகல் பக்கத்தில்தான் மோசம். மழை பொய்த்து, ஓடுகிற ஆறெல்லாம் குட்டை குட்டையாக நின்றுவிட, அதில் நுளம்பு பெருகியது. அந்தச் சனத்துக்கு அந்தக் காய்ச்சல் பழக்கமும் இல்லை. வன்னியில் அது எந்நாளும் இருந்தது. குலைப்பன் காய்ச்சல் என்று பெயர். என் அப்பா குடியேற்றத் திட்டத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து காணி எடுத்து வந்தபோது, பழைய ஊர்ச் சனத்தின் பிள்ளைகள் வயிறு முட்டி, மண்ணீரல் வீங்கித் திரிந்ததைக் கண்டு அம்மா திரும்பிப் போய்விடுவோம் என்று அழுதாராம். பிறகு டிடிரி என்ற பூச்சிமருந்து வந்தது. வீடு வீடாக அடித்தார்கள். 1963இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியாக்காரர் 17 பேர்.

பதினேழு பேர்தானே என்று மருந்தடிப்பதைக் குறைத்தார்கள். இரத்தம் எடுப்பது தளர்ந்தது. 1969இல் ஐந்து லட்சத்துக்கு மேல்.

நான் வேலைக்கு வந்தது அந்தக் குளறுபடிக்குப் பிறகு, டிடிரிக்குப் பதிலாக மலத்தியன் என்ற மருந்தை அடித்த காலத்தில். அந்த மணத்தை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது. மருந்தடிக்க வருகிறோம் என்று தெரிந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார்கள். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு யாழ்ப்பாணச் சனம் வன்னிக்கு வந்தபோது பட்ட பாடு சொல்லி முடியாது. உடம்புக்குப் பழக்கமில்லாத காய்ச்சல், தலைக்குமேல் கூரையாக ஒரு படங்கு, குளிசைக்குத் தட்டுப்பாடு. 1999இல் நாடு முழுக்க இரண்டரை லட்சத்துக்கு மேல் மலேரியா. ஆனாலும் அந்த யுத்தத்துக்குள்ளேயும் இரண்டு பக்கத்தாலும் மலேரியா வேலைக்கு வழி விட்டார்கள். தகடுகள் போய்வந்தன, வலைகள் வந்தன. உள்ளூரில் தொற்றின கடைசி நோயாளி 2012 ஐப்பசியில். 2016 புரட்டாதியில் இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. நான் ஒரு மரக்கன்று நட்டேன். மாடு தின்றுவிட்டது.

"அப்ப இனி வராதோ?" என்றான். வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வந்து இறங்குகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். 2017இல் மன்னாரில் ஸ்டீபன்சி என்ற புது மலேரியா நுளம்பையும் கண்டுபிடித்தார்கள். அது கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகும், பட்டினத்து வாழ்க்கை பழகினது. காவவும் ஆள் இருக்கிறது, கொண்டுவரவும் ஆள் இருக்கிறது. இரண்டும் சந்திக்காமல் பார்த்துக்கொண்டு யாரோ சில பேர் இன்றைக்கும் தகடு பூசிக்கொண்டிருக்கிறார்கள். 17இன் கதை அவனுக்கு விளங்கியதோ என்னவோ, அடுத்த நாளிலிருந்து மூலைக் கிளிப்பைப் போட்டாயிற்றா என்று அவன்தான் பார்க்கிறான்.

சரி, வலைக்கு வருவோம். மூன்றாம் கிழமையில் சிப் இறுகிவிட்டது. மெழுகுதிரியைத் தேய்த்தால் இளகும். எண்ணெய் போடாதீர்கள், தூசி பிடிக்கும். நாலாம் மாதத்தில் கம்பி உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றிக் கட்டியிருக்கிறேன், நிற்கிறது. கழுவும்போது முறுக்கிப் பிழியக் கூடாது. கடையில் மாற்றித் தருவார்களா என்று கேட்டேன். "பாவிச்ச சாமான் எடுக்கிறேல்லை ஐயா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

வாங்கலாமா? பாயில், நிலத்தில் படுக்கிறவர்கள் வாங்கலாம். அடித்துணி இருப்பதால் நட்டுவக்காலி, பூரான் பயமும் இல்லை. மழைக்காலத்தில் வன்னியில் அது சின்ன விசயமில்லை. வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்க விடாதவர்களுக்கும் நல்லது. சொந்த வீடும் கட்டிலும் மெத்தையும் உள்ளவர்களுக்கு நாலு மூலைக் கயிற்றில் கட்டுகிற பழைய சதுர வலையே போதும். விலை பாதி, காற்று வரும், மெத்தைக்கு அடியில் செருகினால் ஓட்டை இல்லை. என்னுடைய பழைய சதுர வலை இப்போது கன்றுக்குட்டியின் கொட்டிலில் தொங்குகிறது. 2020இல் மாடுகளுக்குத் தோல் கழலை வருத்தம் வடக்கில் பரவினபோது ஒரு கன்றைப் பறிகொடுத்தேன். அதையும் கடிக்கிற ஈயும் நுளம்பும்தான் காவின.

வாங்குகிறவர்கள் கடையிலேயே சிப் சந்திக்கிற மூலையில் சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள். பிறகு கடைக்காரரையே மடித்துக் காட்டச் சொல்லுங்கள். பெட்டியில் உள்ள படம் சீன எழுத்தோடு இருக்கிறது, ஒன்றும் விளங்காது. நான் மடித்தால் ஒருதரம் முகத்தில் அடிக்கும், இரண்டாந்தரம் சுவரில் சாமிப் படத்தைத் தட்டும். எட்டு மாதிரி முறுக்கி ஒன்றின்மேல் ஒன்றாக விழுத்த வேண்டுமாம். வீட்டில் அது தெரிந்தவன் பேரன் ஒருவன்தான். ஒருதரம் மடிக்க 20 ரூபா கேட்கிறான்.